ஒரே மலைச்சரிவு, இரண்டு படங்கள்

வேளாண்மையைப் படம் எடுப்பவர்களுக்குச் சில காட்சிகள் மீது தீராத ஆசை உண்டு. அந்தி வெயிலில் ஏர் ஓட்டும் விவசாயி, வரிசையாகக் குனிந்து நாற்று நடும் பெண்கள், வறட்சி வந்தால் வெடித்துக் கிடக்கும் ஏரியில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் முதியவர். இந்தக் கடைசிப் படத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். களி மிகுந்த மண் காய்ந்தால் சுருங்கி வெடிக்கும், நனைந்தால் உப்பி மூடிக்கொள்ளும். கரிசல் நிலத்தில் ஆண்டுதோறும் இது நடக்கிறது. வெடிப்பு, தண்ணீர் இல்லை என்பதற்குத்தான் அடையாளம். நிலம் கெட்டுவிட்டது என்பதற்கு அல்ல. நிலம் உண்மையில் கெடும்போது பார்வைக்கு அவ்வளவு எடுப்பாக இருக்காது. மேல்மண் போய்ச் சரளை தெரியும். வரப்போர மரத்தின் வேர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். செடியின் தூரில் மட்டும் மண் மேடாக நிற்க, சுற்றிலும் கரைந்து போயிருக்கும். இதைப் படமெடுத்துப் பரிசு வாங்கியவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

பரிசுக்கு ஆகாத அப்படிப்பட்ட சில படங்கள் மண்வளப் பாதுகாப்பு வரலாற்றில் பெரிய இடம் பிடித்திருக்கின்றன. அவை எடுக்கப்பட்ட இடம், கென்யாவின் தலைநகர் நைரோபிக்குத் தென்கிழக்கே உள்ள மச்சாக்கோஸ். மலையும் சரிவுமான வறள் நிலம் இது. ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம் உண்டு என்றாலும், இரண்டையுமே நம்பி விதைக்க முடியாது. அகாம்பா இன மக்கள் மக்காச்சோளமும் பயறு வகைகளும் பயிரிட்டு, மாடு ஆடு வளர்த்து வாழ்ந்தார்கள்.

1937-ல் ஆங்கிலேய அரசின் அதிகாரி ஆர்.ஓ. பார்ன்ஸ் அங்குள்ள மண் அரிப்பைப் பற்றி ஆய்வு செய்தார். அந்தக் காலத்துப் படங்களில் மனித முகங்கள் முக்கியமில்லை. மொட்டைச் சரிவுகளும், அவற்றைக் கிழித்துக்கொண்டு இறங்கும் ஓடைகளும்தான் உள்ளன. இந்த நிலம் இனி தேறாது என்றே பார்ப்பவருக்குத் தோன்றும். அதிகாரிகளுக்கும் அப்படித்தான் தோன்றியது. மக்கள் பெருகிவிட்டார்கள், அளவுக்கு மிஞ்சி மாடு வைத்திருக்கிறார்கள், அதனால் மண் போய்விட்டது என்று அவர்கள் முடிவு கட்டினார்கள்.

படத்தில் இருந்த அரிப்பு பொய்யில்லை. ஆனால் அது ஏன் வந்தது என்பதைப் படம் சொல்லாது. அகாம்பா மக்கள் மாடு மேய்த்த நிலங்களில் ஒரு பகுதி வெள்ளைக்காரக் குடியேறிகளின் பண்ணைகளாகியிருந்தது. மிச்சம் இருந்த எல்லைக்குள் அவர்கள் அடைக்கப்பட்டிருந்தார்கள். 1930-களின் வறட்சியும் சேர்ந்துகொண்டது. இவை எதுவும் கேமராவின் சட்டத்துக்குள் விழவில்லை. 1938-ல் மாடுகளைக் கட்டாயமாக விற்கச் சொல்லி அரசு பிடித்துக்கொண்டு போனபோது, முயிண்டி எம்பிங்கு என்பவர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் நைரோபிக்கு நடந்தே போய் உட்கார்ந்துவிட்டார்கள். அவர் நாடு கடத்தப்படுவதுபோல் லாமு தீவுக்கு அனுப்பப்பட்டார். ஆனால் கட்டாய விற்பனையை அரசு கைவிட வேண்டியதாயிற்று.

அரை நூற்றாண்டு கழிந்தது. 1990-களின் தொடக்கத்தில் மேரி டிஃபன், மைக்கேல் மார்ட்டிமோர், ஃபிரான்சிஸ் கிச்சுக்கி ஆகிய ஆய்வாளர்கள் மச்சாக்கோஸின் மாற்றத்தை ஆராய்ந்தபோது, பழைய படங்கள் எடுக்கப்பட்ட அதே இடங்களில் மறுபடி படம் எடுக்கப்பட்டது. 1994-ல் வெளிவந்த அவர்களுடைய நூலின் பெயரைத் தமிழில் ‘மக்கள் அதிகம், மண் அரிப்பு குறைவு’ எனலாம். 1930-களின் தொடக்கத்தில் சுமார் 2.4 லட்சமாக இருந்த மாவட்ட மக்கள்தொகை 1989-ல் 14 லட்சத்தை நெருங்கியிருந்தது. பழைய கணக்குப்படி நிலம் அடியோடு அழிந்திருக்க வேண்டும். புதிய படங்களிலோ அதே சரிவில் படிப்படியாக வயல்கள், வேலிகள், வீடுகள். மரங்கள் முன்பைவிட அதிகம். தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டாலும் வேளாண் உற்பத்தி கூடியிருந்தது.

இந்தப் படிகள் எப்படி வந்தன என்பது நம் மானாவாரி விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. இதற்கு அங்கே ‘ஃபான்யா ஜூ’ என்று பெயர். சுவாஹிலி மொழியில் ‘மேலே போடு’ என்று பொருள். சம உயரக் கோட்டில் சுமார் 2 அடி அகலம், 2 அடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, எடுத்த மண்ணைச் சரிவின் கீழ்ப்பக்கம் தள்ளாமல் மேல்பக்கம் வீசி வரப்பாக்குவார்கள். கீழே தள்ளுவது சுலபம். மேலே வீசுவதில்தான் முதுகு ஒடியும். ஆனால் மழையில் கரைந்து வரும் மண் வரப்பின் மேல்பக்கத்தில் தங்கித் தங்கி, சில ஆண்டுகளில் சரிவு தானாகவே படிக்கட்டாகிவிடும். வரப்பில் மாட்டுக்குத் தீவனப்புல் வைப்பார்கள். ஈரம் தங்கும் வாய்க்காலில் வாழையோ பழமரமோ நிற்கும்.

ஆங்கிலேயர் காலத்தில் வரப்பு வேலை கட்டாய வேலையாக இருந்தது. அதனால் விடுதலைக்குப் பிறகு சில காலம் பலர் அதைத் தொடவே இல்லை. பிறகு அவர்களாகவே தொடங்கினார்கள். ‘முவேத்யா’ எனப்படும் கூட்டு உழைப்புக் குழுக்கள் ஒருவர் நிலத்தில் இன்று, இன்னொருவர் நிலத்தில் நாளை என்று முறை வைத்து வெட்டின. ஆண்களில் பலர் நைரோபியில் வேலைக்குப் போயிருந்ததால் மண்வெட்டி பெரும்பாலும் பெண்கள் கையில்தான் இருந்தது. நகரத்திலிருந்து வந்த சம்பளப் பணமும், காய்கறிக்கும் பழத்துக்கும் பக்கத்திலேயே சந்தை இருந்ததும், 1950-களில் காபி பயிரிடக் கிடைத்த அனுமதியும், காட்டுமானி ஆராய்ச்சி நிலையம் தந்த குறுகிய கால மக்காச்சோள ரகமும் கைகொடுத்தன. மண்ணைக் காத்தால் காசு வரும் என்ற நிலை வந்தபின் யாரும் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை. நம் மண்வளத் திட்டங்களில் பலவும் தடுமாறுவது இந்த இடத்தில்தான் என்பது என் கருத்து.

இரண்டாவது படத்தையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. பச்சையாகத் தெரியும் சரிவில் யாருக்கு எத்தனை ஏக்கர் என்று தெரியாது. இந்த வளர்ச்சி சிறு நிலக்காரர்களையும் வறண்ட பகுதிகளையும் ஒரே அளவில் எட்டவில்லை என்று பின்னர் வந்த ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். மண்ணின் கரிமச்சத்தும் மணிச்சத்தும் படத்தில் விழாது. அதற்கு மண் பரிசோதனைதான் வழி. வறட்சிக்குப் பின் எடுத்த படத்தோடு நல்ல மழைக்குப் பின் எடுத்த படத்தை ஒப்பிட்டால் பச்சை கூடுதலாகத்தான் தெரியும். ஆனால் மழை பெய்து படிக்கட்டு வயல் முளைக்காது. அதனால்தான் மச்சாக்கோஸ் படங்களுக்கு மதிப்பு.

நம் ஊரில் நீர்வடிப்பகுதிப் பணிகளின் ‘முன்’, ‘பின்’ படங்களைப் பார்க்கும்போதெல்லாம் நான் முதலில் மாதத்தைத்தான் கேட்பேன். முன் படம் சித்திரையிலும் பின் படம் ஐப்பசியிலும் எடுத்திருந்தால் அது மழையின் சாதனை.

மானாவாரி நிலம் வைத்திருப்பவர்கள் கையிலிருக்கும் செல்போனிலேயே இதைச் சரியாகச் செய்யலாம். நிலம் முழுவதும் தெரியும் மேட்டில் ஒரு கல்லை நட்டு, அதன்மேல் போனை வைத்து எடுங்கள். பனைமரமோ பாறையோ கோயில் கோபுரமோ, நகராத ஒரு பொருள் படத்தின் ஓரத்தில் இருக்கட்டும். இது முழு நிலத்துக்கு. அரிப்பு ஓடையின் கரைக்கு அருகிலும் போய், ஓர் அடிக்கோலைச் செங்குத்தாக நிறுத்தி ஒரு படம் எடுக்க வேண்டும். ஆழம் கூடியதா, தூர்ந்ததா என்று அடுத்த ஆண்டு கண்ணால் அளக்கலாம். ஆண்டுக்கு இருமுறை போதும்: கோடை உழவுக்கு முன்பு ஒன்று, பருவமழை ஓய்ந்தபின் ஒன்று. போன் மாறினால் படமும் போய்விடும் என்பதால் காகிதத்தில் பிரதி போட்டு, பின்பக்கம் தேதி, பயிர், அந்த ஆண்டு மழை அளவு மூன்றையும் எழுதிப் பட்டாவோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.