கடிகாரம் ஒரு மணி முந்திய காலம்

"எண்பது வருஷமாகக் கடக லக்கினக்காரனாக இருந்தேன். ஒரே நிமிஷத்தில் என்னைச் சிம்ம லக்கினக்காரனாக்கிவிட்டான் என் பேரன்!" என்றார் திண்டிவனத்துப் பெரியவர் ஒருவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்தச் சிரிப்பில் பாதி கவலை.

விஷயம் இதுதான். விழுப்புரம் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் பேரன், தாத்தாவின் பிறந்த தேதியையும் நேரத்தையும் ஒரு ஜாதகப் புரோகிராமில் போட்டுப் பார்த்தார். சிம்மம் என்று வந்தது. வீட்டிலிருந்த பழைய நோட்டுப் புத்தகத்திலோ கடகம் என்று எழுதியிருந்தது. கம்ப்யூட்டர் தப்பு செய்யுமா என்று ஒரு கட்சி. அந்தக் காலத்து ஜோஸியர் தப்பு செய்வாரா என்று இன்னொரு கட்சி. வீடு இரண்டு பட்டுவிட்டது.

நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். பழுப்பேறிய தாளில் இப்படி எழுதியிருந்தது: சுபானு வருஷம் ஆடி மாதம் 20-ம் தேதி, காலை 7 மணி 10 நிமிஷம், உதயாதி அரை நாழிகை. அதாவது 1943-ம் வருஷம், ஆகஸ்ட் மாதத் தொடக்கம்.

அந்தக் கடைசி மூன்று சொற்களில்தான் விடை ஒளிந்திருந்தது. அரை நாழிகை என்றால் 12 நிமிஷம். சூரியன் உதித்து 12 நிமிஷம் கழித்துக் குழந்தை பிறந்தது என்றால், அன்று சூரியன் உதித்த நேரம் 6 மணி 58 நிமிஷம் என்று ஆகிறது. ஆடி மாதத்தில் திண்டிவனத்தில் ஏழு மணிக்கா பொழுது விடியும்? ஆறு மணிக்கெல்லாம் சூரியன் தலைகாட்டிவிடுமே!

பிரசவம் பார்த்தவள் பொய் சொல்லவில்லை. கடிகாரமும் கெட்டுப் போகவில்லை. சர்க்கார் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து அது ஒரு மணி நேரம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது!

யுத்த கால நேரம்

இரண்டாவது உலக யுத்தத்தின்போது, 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை, இந்தியாவின் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டன. பகல் வெளிச்சத்தைக் கூடுதலாகப் பயன்படுத்திக்கொள்வதற்கான ஏற்பாடு அது. ஆகவே அன்றைய 7.10 என்பது இன்றைய கணக்குப்படி 6.10. லக்கினம் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாக மாறுவது. ஒரு மணி நேரப் பிழை, கடகத்தைச் சிம்மமாக்கப் போதும். ஜோஸியத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் பிறந்த நேரம் பிறந்த நேரம்தானே?

"அந்தப் புரோகிராமுக்கு இந்திய நேரம் என்றால் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முந்தியது என்பது மட்டுமே தெரியும்" என்றார் பேரன், விழுப்புரத்தில் தம் கடையில் உட்கார்ந்தபடி. பிறகு வேறொரு புரோகிராமில் அதே விவரத்தைப் போட்டார். கடகம் வந்தது! "இதற்கு மட்டும் யுத்தத்தைப் பற்றி எப்படித் தெரிந்தது?" என்று கேட்டேன். "அது பதிவேட்டைப் பார்த்துச் சொல்கிறது" என்றார்.

பெயர் கொல்கத்தா, உள்ளே சென்னை

கம்ப்யூட்டருக்கு நல்ல நேரம், கெட்ட நேரம் தெரியாது. 1970 ஜனவரி 1 முதல் எத்தனை விநாடி ஆயிற்று என்ற எண்ணிக்கைதான் பெரும்பாலும் அதன் கணக்கு. அந்த எண்ணிக்கையை அந்தந்த ஊர் மணியாக மாற்ற, எந்த ஊரில் எந்தத் தேதியில் கடிகாரத்தை எவ்வளவு நகர்த்தினார்கள் என்ற விவரம் வேண்டும். 1980-களில் ஆர்தர் டேவிட் ஓல்சன் என்ற அமெரிக்கர் இந்த விவரங்களைத் தொகுக்கத் தொடங்கினார். பிறகு கலிபோர்னியாவில் பால் எகர்ட் என்பவர் அந்தப் பொறுப்பை ஏற்றார். பல நாட்டு அன்பர்கள் சம்பளமில்லாமல் செய்தி அனுப்புகிறார்கள். நம் செல்போன்களில் பெரும்பாலானவை இந்தப் பதிவேட்டைத்தான் நம்பியிருக்கின்றன.

அதில் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் உரிய பதிவின் பெயர் 'ஆசியா/கொல்கத்தா'. 1970-க்குப் பிறகு ஒரே மணி காட்டும் பிரதேசத்துக்கு ஒரு பதிவு, அதற்கு ஒரு பெரிய நகரத்தின் பெயர் என்பது அவர்கள் வழக்கம். ஆனால் உள்ளே படித்துப் பார்த்தால் வேடிக்கை! 1870 முதல் 1905 முடிய அங்கே எழுதியிருப்பது சென்னை நேரம். கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் 10 விநாடி முந்தியது. நுங்கம்பாக்கத்தில் 1792-ல் அமைந்த வானாராய்ச்சி நிலையம் கணித்த சென்னை நேரம்தான் அன்று இந்திய ரயில்களுக்கெல்லாம் நேரம். கொல்கத்தா என்று பலகை மாட்டிய வீட்டுக்குள் சென்னை 36 வருஷம் குடியிருக்கிறது!

1906 ஜனவரி 1 முதல் ஐந்தரை மணிக் கணக்கு வந்தது. சென்னைக் கடிகாரங்கள் ஏறக்குறைய 9 நிமிஷம் முன்னே போயின. சூரியன் மட்டும் தன் இடத்திலேயே இருந்தது. விழுப்புரத்தில் அது உச்சிக்கு வரும் நேரம் இன்றும் சராசரியாகப் பகல் 12 மணி 12 நிமிஷம்தான்.

ஒரு எச்சரிக்கை

பதிவேட்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. 1970-க்கு முந்திய விவரங்கள் பெயரிட்ட நகரத்துக்கு மட்டுமே உரியவை என்று அதைத் தொகுத்தவர்களே சொல்கிறார்கள். 1941 அக்டோபர் முதல் 1942 மே நடுவரை ஒரு மணி முந்தியதாகவும் அதில் இருக்கிறது. அது கொல்கத்தாவின் கதை. அதைத் திண்டிவனத்தின் தலையில் கட்டினால், 1942 ஜனவரியில் இங்கே பிறந்தவருக்குப் புதுக் குழப்பம் வந்து சேரும்.

இலங்கையில் இதைவிடச் சிக்கல். மின்சாரப் பற்றாக்குறையால் 1996 மே மாதம் அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளினார்கள். அக்டோபரில் அரை மணி பின்னே இழுத்தார்கள். 2006 ஏப்ரலில் பழையபடி இந்திய நேரத்துக்கே திரும்பினார்கள். இடைப்பட்ட காலத்தில் விடுதலைப் புலிகள் வசமிருந்த பகுதிகளில் பழைய நேரமே நடந்தது. ஒரே தீவில் இரண்டு மணி! 'கொழும்பு' என்ற ஒற்றைப் பதிவு இந்த இரண்டையும் எப்படிச் சொல்லும்?

இந்தப் பதிவேட்டுக்கே ஒரு முறை கண்டம் வந்தது. 2011-ல் அஸ்ட்ரோலேப் என்ற அமெரிக்க ஜோஸியப் புரோகிராம் கம்பெனி, பழைய நேர விவரங்கள் தங்கள் சொத்து என்று ஓல்சன் மீதும் எகர்ட் மீதும் வழக்குப் போட்டது. பதிவேடு சில நாள் முடங்கியது. இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு அதை ஏற்று நடத்த முன்வந்தது. 2012-ல் கம்பெனி வழக்கை வாபஸ் வாங்கியது. சூரியன் உதித்ததும் கடிகாரத்தைத் திருப்பியதும் நடந்த சங்கதிகள். அவற்றுக்குப் பட்டா வாங்க யாரால் முடியும்?

உங்கள் வீட்டில் அந்த யுத்த வருஷங்களில் பிறந்த பெரியவர்கள் இருந்தால், பரணிலுள்ள பழைய நோட்டுப் புத்தகத்தைத் தேடி எடுங்கள். மணியோடு நாழிகையும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எந்தப் பதிவேட்டிலும் இல்லாத சாட்சியம் அதில் இருக்கலாம்.

திண்டிவனம் திரும்பிப் பெரியவரிடம் விவரத்தைச் சொன்னேன். முகம் மலர்ந்தது. "நாழிகை பார்த்துச் சொன்னது என் பாட்டி ஸார். வாசலில் வந்து நின்று வெயிலைப் பார்த்தாளாம். அவளுக்கு மணி பார்க்கத் தெரியாது!" என்றார்.