பென்ஷன் இல்லாத பட்டாளத்தாருக்கும் பணம் உண்டு!

பட்டாளத்தில் இருந்து வந்தவர் என்றால் பென்ஷன் வாங்குகிறவர் என்றுதான் அக்கம்பக்கத்தார் நினைக்கிறார்கள். அது எல்லோருக்கும் பொருந்தாது. ஒரு சிப்பாய்க்குச் சேவை பென்ஷன் கிடைக்க பொதுவாக 15 ஆண்டு சேவை வேண்டும். தகப்பனார் இறந்தார், வயலைப் பார்க்க ஆள் இல்லை, தங்கைக்குக் கல்யாணம் என்று 7 ஆண்டிலோ 10 ஆண்டிலோ விலகி வந்தவர்களுக்கு மாதப் பணம் கிடையாது. அப்படி வந்து, பிழைப்புக்காக மும்பைக்கு ரெயில் ஏறி, கம்பெனி வாசலில் வாட்ச்மேன் வேலை பார்த்தே முதுமை அடைந்தவர்கள் உண்டு.

"நமக்குத்தான் பென்ஷன் இல்லையே, சர்க்காரிடம் என்ன கேட்பது?" என்று இவர்கள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். உண்மையில் சில உதவிகள் பென்ஷன் இல்லாதவர்களுக்கென்றே ஏற்பட்டவை.

மாதம் 8,000 ரூபாய்

மத்திய சைனிக் போர்டு வழங்கும் வறுமை உதவித்தொகை அவற்றில் முக்கியமானது. 65 வயதைத் தாண்டிய, பென்ஷன் இல்லாத, ஹவில்தார் பதவி வரையில் இருந்த முன்னாள் ராணுவத்தினருக்கும், அவர்களின் விதவைகளுக்கும் இது உரியது. மாதம் 4,000 ரூபாயாக இருந்த இந்தத் தொகை 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2025-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி முதல் கொடுக்கப்படும் மனுக்களுக்கு இந்தப் புதிய தொகை.

உதாரணமாக, 1960-ல் பிறந்து, 19 வயதில் பட்டாளத்தில் சேர்ந்து, 1988-ல் விலகி வந்த ஒருவர் 2025-ல் 65 வயதை எட்டிவிட்டார். அவருடைய சேவை 9 ஆண்டுதான். பென்ஷன் இல்லை. ஆனால் இந்த உதவியைக் கேட்க அவருக்கு வழி இருக்கிறது. அவர் காலமாகியிருந்தால், வயது வந்ததும் அவருடைய மனைவி கேட்கலாம்.

அதே தேதி முதல் மற்ற உதவிகளும் இரட்டிப்பாயின. ஹவில்தார் வரையிலான முன்னாள் ராணுவத்தினரின் இரண்டு குழந்தைகளுக்கு, ஒன்றாம் வகுப்பு முதல் பட்டப்படிப்பு வரை, தலைக்கு மாதம் 2,000 ரூபாய். இரண்டு மகள்கள் வரை திருமண உதவி தலா ஒரு லட்சம் ரூபாய். விதவை மறுமணம் செய்துகொண்டாலும் இந்த உதவி உண்டு.

இந்தப் பணம் கொடிநாள் நிதியிலிருந்து வருகிறது. 1949 முதல் ஒவ்வொரு டிசம்பர் 7-ந் தேதியும் பள்ளிக்கூடத்திலும் ஆபீசிலும் சட்டையில் சின்னக் கொடியைக் குத்திக்கொண்டு உண்டியலில் காசு போடுகிறோமே, அந்த நிதிதான்.

பதிவு எங்கே இருக்கிறது?

மனு போடுவதற்கு முன் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். பட்டாளத்தை விட்டு வந்தவர் தம் மாவட்டத்து சைனிக் அலுவலகத்தில் பதிவு செய்து அடையாள அட்டை வாங்க வேண்டும். நம்மவர்கள் அந்தக் காலத்தில் திருநெல்வேலியிலோ வேலூரிலோ பதிந்துவிட்டு இங்கே வந்திருப்பார்கள். சிலர் பதியாமலே வந்திருப்பார்கள்.

காட்கோபர் மும்பை புறநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. காமராஜ் நகரில் நிரந்தரமாகக் குடியிருக்கும் ஒருவர், பதிவை இந்த மாவட்டத்துக்கு மாற்றிக்கொள்வதா, ஊரிலேயே வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்ய வேண்டும். இரண்டு இடத்திலும் வைத்துக்கொள்வதற்கில்லை. மத்திய சைனிக் போர்டின் உதவி எங்கிருந்தாலும் ஒன்றே. மாநில சர்க்காரின் சலுகைகள் மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆகவே இரண்டையும் விசாரித்துவிட்டு மாற்றுவது நல்லது. குடிசை சீரமைப்புக்காக வீட்டைக் காலி செய்து வாடகை வீட்டுக்குப் போகிறவர்கள், டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் அடையாள அட்டையையும் முதலில் பத்திரப்படுத்த வேண்டும். டிஸ்சார்ஜ் புத்தகம் தொலைந்துபோயிருந்தால், அவரவர் ரெஜிமெண்டின் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு அது நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. மெட்ராஸ் என்ஜினீயர் குரூப்புக்கு பெங்களூரில்.

பெயரில் வரும் வில்லங்கம்

தமிழ்க் குடும்பங்களின் மனுக்கள் சிக்கிக்கொள்ளும் இடம் பெயர்தான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பட்டாளத்துப் புத்தகத்தில் "எம். சுப்பையா" என்று இருப்பது, ஆதாரில் "சுப்பையா மாடசாமி" ஆகிறது. மும்பை பாங்கில் அதுவே "மாடசாமி சுப்பையா" என்று தலைகீழாகிறது. மனைவியின் பெயர் ஓரிடத்தில் பேச்சியம்மாள், ஓரிடத்தில் பேச்சியம்மா. காகிதத்தைப் பார்க்கும் குமாஸ்தாவுக்கு இவர்கள் வெவ்வேறு ஆட்கள்!

பென்ஷன் வாங்கியவரின் மனைவிக்கும் இதே தொல்லை வரும். கணவன் இறந்தபின் அவருக்குக் குடும்ப பென்ஷன் உண்டு. 2016 முதல் அதன் குறைந்தபட்சத் தொகை மாதம் 9,000 ரூபாய், அகவிலைப்படி தனி. ஆனால் ராணுவ ரெக்கார்டில் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் சரியாக ஏறியிருக்க வேண்டும். அதைச் சரிபார்க்கும் காலம் கணவன் உயிரோடிருக்கும் காலம்தான். ராணுவ பென்ஷன்கள் இப்போது "ஸ்பர்ஷ்" என்ற கம்ப்யூட்டர் முறையில் வருகின்றன. அதில் மனைவியின் பெயர் எப்படி இருக்கிறது என்று பொதுச் சேவை மையத்திலேயே பார்த்துவிடலாம். பிழை இருந்தால் அபிடவிட் போதுமா, கெஜட்டில் போட வேண்டுமா என்று அலுவலகத்தில் கேட்டபிறகே செலவு செய்ய வேண்டும்.

வக்கீலுக்குக் காசு வேண்டாம்

மனு தள்ளப்பட்டாலும் கதவு மூடிவிடாது. ராணுவத்தினர், முன்னாள் ராணுவத்தினர், அவர்களின் குடும்பத்தினர் ஆகியோருக்கு இலவச சட்ட உதவி தரும் "வீர் பரிவார் சஹாயதா" திட்டத்தை தேசிய சட்டப்பணிகள் ஆணையம் 2025 ஜூலை 26-ந் தேதி தொடங்கியது. சைனிக் போர்டு அலுவலகங்களில் சட்ட உதவி மையங்கள் அமைப்பது இதன் நோக்கம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச வக்கீல் கேட்கும் உரிமையை 1987-ம் ஆண்டு சட்டமே கொடுத்திருக்கிறது. பென்ஷன் வழக்குகளை விசாரிக்கும் ராணுவத் தீர்ப்பாயத்தின் கிளை மும்பையிலும் இருக்கிறது.

"நான் வாங்கித் தருகிறேன், பாதி எனக்கு" என்று வரும் ஏஜெண்டை நம்பத் தேவையில்லை. மனுவை சைனிக் போர்டின் இணையதளத்தில் போட வேண்டும். பாரம் நிரப்ப, வீட்டில் படித்த பிள்ளை ஒருவர் போதும். பிள்ளை இல்லாத வீட்டுக்கு, ஆபீசில் பேனா பிடிக்கும் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தால் போதும். மாதம் 8,000 ரூபாய், ஒரு கிழவியின் அரிசிக்கும் மருந்துக்கும் வாடகைக்கும் அவளை யாரிடமும் கையேந்த விடாது. அது தர்மம் அல்ல. அவள் கணவன் பனியிலும் வெயிலிலும் நின்றதற்கு நாடு பட்ட கடன்.