கணிப்பொறிக்குத் தண்ணீர் எதற்கு?

மண்பானை நீர் கோடையிலும் குளிர்ந்திருப்பது ஏன் என்று நீங்கள் பள்ளியில் படித்திருப்பீர்கள். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகிறது. அதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஆகவே உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. செயற்கை நுண்ணறிவு என்னும் புதுமையும் பல இடங்களில் இதே தத்துவத்தை நம்பித்தான் இயங்குகிறது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

வெப்பம் எப்படி வந்தது?

நாம் செல்பேசியில் கேட்கும் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் தயாராவது செல்பேசியில் அன்று. எங்கோ ஒரு தரவு மையத்தில் அடுக்கடுக்காக நிற்கும் ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளே அதைத் தயாரிக்கின்றன. அவை பெறும் மின்னாற்றல் அநேகமாக முழுவதும் வெப்பமாக மாறிவிடுகிறது. இதை உடனுக்குடன் அகற்றாவிட்டால் கணிப்பொறிகள் பழுதாகிவிடும். எனவே, சூடேறிய நீரைக் குளிர்விக்கும் கோபுரத்துக்குக் கொண்டுசென்று, தூறலாக விழச்செய்து காற்றைச் செலுத்துகிறார்கள். ஒரு பகுதி ஆவியாக, எஞ்சிய நீர் குளிர்ந்து திரும்புகிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோ கலோரி வெப்பத்துக்குச் சமம். சாதாரண வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கிலோ கலோரி வேண்டும். அப்படியானால், ஒரு யூனிட் தரும் வெப்பத்தை ஆவியாதலால் மட்டுமே அகற்ற ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் நீர் செலவாகும். 1,000 கிலோவாட் மையத்துக்கு நாளொன்றுக்கு 36,000 லிட்டர்! பெரிய மையங்களோ இதைப்போல் நூறு மடங்கு மின்சாரம் கொள்பவை.

நீர் ஆவியாகும்போது அதிலுள்ள உப்புகள் பின்தங்கிவிடும். வெந்நீர்ப் பாத்திரத்தில் படிவது போலக் குழாய்களிலும் படியும். ஆகவே உப்பு மிகுந்த நீரை அவ்வப்போது வெளியேற்றிப் புதுநீர் ஊற்ற வேண்டும். இதனால்தான் பல மையங்கள் குடிநீரையே நாடுகின்றன.

சோள வயல்களின் நடுவே

அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலுள்ள வெஸ்ட் டி மாயின் நகரைப் பாருங்கள். ஜி.பி.டி. 4 என்னும் செயற்கை நுண்ணறிவு அமைப்பு அப்பகுதியிலுள்ள மைக்ரோசாப்ட் மையங்களில்தான் பயிற்சி பெற்றது. குளிர் மிகுந்த ஊர் ஆதலால் ஆண்டின் பெரும்பகுதி வெளிக்காற்றே போதும். வெப்பநிலை ஏறக்குறைய 29 டிகிரி செல்சியசைத் தாண்டினால்தான் நீர் தேவை. ஆயினும் 2022 ஜூலை மாதத்தில் மட்டும் அம்மையங்களுக்கு ஏறத்தாழ 4.35 கோடி லிட்டர் நீர் சென்றது. அது அந்நகரின் குடிநீர் வட்டாரம் முழுவதும் பயன்படுத்தியதில் 6 சதவீதம். உச்சநேர நீர்த்தேவையைக் கணிசமாகக் குறைக்கும் முறையைக் காட்டினால்தான் அந்நிறுவனத்தின் புதிய மையங்களைப் பரிசீலிப்போம் என்று குடிநீர் வாரியம் அவ்வாண்டிலேயே அறிவித்தது.

ஆவியான நீர் மழையாகத் திரும்பி வராதா என்று நீங்கள் கேட்கலாம். வரும், ஆனால் எந்த ஊரில், எந்த மாதத்தில் என்பது நம் கையில் இல்லை. மையத்துக்கு நீர் மிகுதியாக வேண்டிய கோடையில்தான் மக்களுக்கும் பயிருக்கும் அது வேண்டியிருக்கிறது. ஆண்டுக் கணக்கைவிடக் கோடைக் கணக்கே முக்கியம்.

ஒரு கேள்விக்கு எவ்வளவு?

எதை எதைச் சேர்த்து எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது இது. 2023-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு ஆய்வாளர்கள், ஜி.பி.டி. 3 தரும் 10 முதல் 50 பதில்களுக்கு அரை லிட்டர் என மதிப்பிட்டனர். மின் உற்பத்திக்கான நீரும் அதில் அடக்கம். 2025-இல் கூகுள் நிறுவனம் தன் ஜெமினியிடம் கேட்கும் ஒரு சராசரி எழுத்துக் கேள்விக்கு 0.26 மில்லிலிட்டர், அதாவது ஐந்து துளி என்றது. மின் நிலையத்து நீர் இதில் சேரவில்லை. துளி சிறிதுதான், கேள்விகளோ கோடிக்கணக்கில்!

வழி உண்டா?

உண்டு. நீரை ஆவியாக்காமல் மூடிய குழாய்களுக்குள்ளேயே சுழலவிடலாம். ஆனால் வெப்பத்தை வெளிக்காற்றில் தள்ள மின்சாரம் கூடுதலாகும். அனல் மின்நிலையமும் நீர் குடிக்கும். ஜார்ஜியா மாநிலத்தின் டக்ளஸ் மாவட்டத்தில் கூகுள் மையம் சுத்திகரித்த கழிவுநீரைப் பயன்படுத்துகிறது. எந்த வழியானாலும், ஒரு மையம் கோடையில் எவ்வளவு நீர் எடுக்கும் என்பதை அடிக்கல் நாட்டும் முன்பே அவ்வூர் மக்கள் அறிந்திருக்க வேண்டும். கணக்குத் தெரிந்தால்தான் பங்கீடு சரியாக அமையும்.