பாசிக்கு மருந்து இல்லை: கண்ணாடித் தொட்டியும் புறாமலை முருகையும்

கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இது: "பாசி பிடித்துவிட்டது, என்ன மருந்து போடலாம்?" கடையில் விற்கும் பாசிகொல்லிகளில் பல செம்பு கலந்தவை. செம்பு பாசியைக் கொல்கிறதோ இல்லையோ, தொட்டியிலுள்ள இறாலையும் நத்தையையும் முருகையையும் கொன்றுவிடும். ஆகவே மருந்தை மறந்துவிட்டு, பாசி எதைத் தின்று வளர்கிறது என்று பார்ப்பதே புத்தி.

தொட்டி வைப்பது வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்குத்தானே என்று இப்பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நிலாவெளிக் கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீற்றர் தொலைவிலுள்ள புறாமலையைச் சூழ்ந்த முருகைக்கற்களிலும் இதே கணக்குத்தான் நடக்கிறது. தொட்டியில் சில வாரங்களில் தெரிவது கடலில் தெரியப் பல வருடங்கள் செல்லும். அதனால்தான் தொட்டி நல்ல பள்ளிக்கூடம்.

முருகை பார்வைக்குக் கல். உண்மையில் அது உயிருள்ள பிராணி. அதன் மெல்லிய தசைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருந்து, வெயிலைக் கொண்டு உணவு ஆக்கி, அதிற் பெரும்பங்கை முருகைக்குக் கொடுக்கின்றன. முருகையின் கழிவு நுண்பாசிக்கு உரமாகிறது. இந்தச் சிக்கனமான குடும்பம் போசணை குறைந்த, தெளிந்த நீரிலே செழிக்கும். நீரில் உரம் கூடினால், வெளியே காத்திருக்கும் நார்ப்பாசிக்குக் கொண்டாட்டம். அது விரைவாக வளர்ந்து, முருகையின் வெளிச்சத்தை மறைத்து, புதிய முருகைக் குஞ்சுகள் ஒட்டுவதற்கு இடமில்லாமற் செய்துவிடும்.

உரம் எங்கிருந்து வருகிறது?

தொட்டியில் முதற் குற்றவாளி தீனி. மீன் தின்னாது விட்ட தீனியும் மீனின் கழிவும் அழுகி அமோனியா ஆகின்றன. கல்லிலும் மணலிலும் வாழும் பற்றீரியாக்கள் அதை நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றும். புதுத் தொட்டியில் இந்தப் பற்றீரியாக்கள் பெருகி நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அக்காலத்தில் முதலில் கபிலநிறப் படலமும் பின்னர் பச்சை நாரும் தோன்றுவது இயல்பு. பலர் பொறுமையிழந்து எல்லாவற்றையும் கழுவிக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குகிறார்கள். மறுபடியும் அதே ஆறு வாரம்.

நைத்திரேற்று லீற்றருக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழும், பொசுபேற்று 0.1 மில்லிகிராமுக்குக் கீழும் இருப்பது முருகைக்கு நல்லது. நீரை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 200 லீற்றர் தொட்டியில் நைத்திரேற்று 40 என்று வைத்துக்கொள்வோம். 20 லீற்றரை எடுத்துவிட்டுத் தூய கடல்நீர் ஊற்றினால் அது 36 ஆகும். அந்த வாரத் தீனி அதை மீண்டும் 40 ஆக்கிவிடக்கூடும். வாசலில் நிற்கும் வெள்ளத்தை வாளியால் இறைப்பதைவிட, வருகிற வாய்க்காலை அடைப்பதே மேல். ஒரு நாளைக்கு ஒருமுறை, இரண்டு மூன்று நிமிடத்தில் மீன்கள் தின்று முடிக்கும் அளவே போதும். இறால் நறுக்கிப் போடுபவர்கள் அந்தச் சாற்றை வடித்துவிட்டுப் போட வேண்டும்.

எமது பகுதியில் இன்னொரு வாய்க்காலும் உண்டு: கிணறு. வெயிலில் தொட்டி நீர் நாள்தோறும் ஆவியாகும். உப்பு அப்படியே நிற்பதால் குறைந்த அளவுக்கு நன்னீர்தான் ஊற்ற வேண்டும், கடல்நீர் அல்ல. ஆனால் உரம் போட்ட தோட்டத்துக்கோ மலசலகூடக் குழிக்கோ பக்கத்திலுள்ள மணற்கிணற்று நீரில் நைத்திரேற்று கூடுதலாக இருக்கலாம். யாழ்ப்பாணக் கிணறுகள் பலவற்றில் இது குடிநீருக்கான எல்லையான 50 மில்லிகிராமையும் தாண்டியிருப்பது அறிந்த விடயம். அந்த நீரை ஊற்றுபவர் தொட்டிக்குத் தினமும் பசளை போடுகிறார். முதல் மழை கூரையைக் கழுவிய பின் பிடித்த மழைநீர் சிறந்தது. கடல்நீரையும் இறங்குதுறைக்குப் பக்கத்தில் அள்ளக்கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மகாவலி கொட்டியாரக்குடாவில் சேற்றைக் கொட்டும் நாட்களில் அள்ளவே கூடாது.

கடலிலும் இது பொய்யல்ல. ஹவாய்த் தீவுகளிலுள்ள கனியோஹே குடாவில் பல ஆண்டுகளாக நகரக் கழிவுநீர் விடப்பட்டது. பச்சைக் குமிழ்ப்பாசி ஒன்று முருகையின் மேல் படர்ந்தது. 1977-78 இல் கழிவுநீரை வேறிடத்துக்குத் திருப்பினார்கள். பாசி குறையத் தொடங்கியது. ஆனாலும் முற்றாகப் போகவில்லை. 2006 இல் வாரக்கணக்காக மழையும் மப்புமாய் இருந்து வெளிச்சம் குறைந்தபோதுதான் அது மடிந்தது. வாய்க்காலைத் திறக்க ஒரு நாள், மூடிப் பயன்காண ஏறத்தாழ முப்பது வருடம்!

நீர் ஓடவேண்டும்

முருகை நடக்காது. ஒட்சிசனும் உணவும் அதைத் தேடி வரவேண்டும், கழிவும் மண்ணும் அதைவிட்டு விலகவேண்டும். இரண்டையும் செய்வது நீரோட்டம். 200 லீற்றர் தொட்டியில் மணிக்கு 4000 லீற்றர், அதாவது தொட்டியின் இருபது மடங்கு நீரைச் சுழற்றும் பம்பிகள் கல்முருகைக்குத் தேவை. மென்முருகைக்குப் பாதி போதும். ஒரே திசையில் பீறிட்டு அடிப்பதைவிட, இரண்டு சிறு பம்பிகள் எதிரெதிரே நின்று நீரைக் குழப்புவது நல்லது. அலையும் அப்படித்தான் அடிக்கிறது. எந்த மூலையில் அழுக்கு படிகிறது என்று பாருங்கள். சிவந்த வழுவழுப்பான படலம் அநேகமாக அங்கேதான் தொடங்கும். மின்சாரம் நின்றால் சில மணித்தியாலங்களில் மீன் மேலே வந்து வாய் பிளக்கும். பற்றரியில் ஓடும் சிறு காற்றுப்பம்பி ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

பெரிய கருவிகள் இல்லாமலும் செய்திருக்கிறார்கள். ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், கடற்கல்லும் கடல்நீரும் காற்றுக்குமிழும் மட்டும் கொண்டு முருகை வளர்த்த முறையை 1961 இல் எழுதி வெளியிட்டார்.

திருகோணமலையின் உட்துறைமுகம் மூடிய கிண்ணம் போன்றது, புறாமலை திறந்த கடலில் நிற்கிறது. ஒரே அளவு அழுக்கு இரண்டிலும் விழுந்தால், கிண்ணத்திலேதான் அது அதிக நாள் தங்கும்.

மேய்ப்பவை

நீர் சுத்தமாக இருந்தாலும் பாசி கொஞ்சமாவது முளைக்கும். அதை மேய ஆள் வேண்டும். தொட்டியில் அது நத்தையும் பாசி தின்னும் மீனும். கடலில் ஓரா, கிளிமீன், நீண்ட கரிய முட்களையுடைய கடல் முள்ளெலி. யமேக்காவில் மீன்களை ஏற்கெனவே அளவுக்குமீறிப் பிடித்திருந்தார்கள். முள்ளெலியே மேய்ச்சலைத் தாங்கி நின்றது. 1983-84 இல் ஒரு நோய் வந்து முள்ளெலிகள் ஏறக்குறைய முற்றாக இறந்தன. 1980 இல் வீசிய சூறாவளியும் சேர்ந்துகொள்ள, 1970களின் பிற்பகுதியில் கடலடியில் பாதியளவை மூடியிருந்த உயிர்முருகை 1990களின் தொடக்கத்தில் 3 வீதமாயிற்று. பாசி 4 வீதத்திலிருந்து 92 வீதமாயிற்று.

எம் நாட்டிலும் பார்த்தோம். 1998 இல் கடல் சூடேறியபோது ஹிக்கடுவையில் முருகை வெளிறி, பெரும்பகுதி இறந்தது. வெறுங்கல்லின் மேல் பாசி படர்ந்தது. அந்த வருடம் புறாமலை பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. அதிர்ஷ்டம் ஒவ்வொரு முறையும் வரும் என்று இருக்க முடியாது. வெப்பத்தை நிலாவெளியில் இருந்துகொண்டு எவராலும் குறைக்க இயலாது. ஆனால் சூட்டில் இறந்த கல்லில் மறுபடி முருகை முளைக்குமா, பாசி குடியேறுமா என்பது மேய்ப்பவை மிஞ்சியிருப்பதிலும் கரையிலிருந்து இறங்கும் அழுக்கிலும் பெரிதும் தங்கியிருக்கிறது. ஓராவையும் கிளிமீனையும் இரவில் விளக்குப் பிடித்துக் குத்தி எடுப்பவர், அடுத்த பத்து வருடத்துக்கான கல்மீனையும் சேர்த்தே குத்துகிறார் என்று சொல்வது மிகையாகாது.

தொட்டி தொடங்க விரும்பும் இளைஞர்களுக்கு ஒரு சொல். இலங்கையில் கடலிலிருந்து முருகையை உடைத்தெடுப்பது சட்டப்படி குற்றம். புறாமலை 2003 முதல் தேசிய பூங்கா. அங்கிருந்து ஒரு சிப்பியோடுகூட எடுத்துவரக் கூடாது. காய்ந்த சுண்ணாம்புக்கல்லை நன்றாகக் கழுவி அடுக்கி, பழைய தொட்டியொன்றிலிருந்து ஒரு பிடி மணலை வாங்கிப் போட்டால் பற்றீரியா வந்து சேரும். அதில் இரண்டு நத்தையும் ஒரு சிறு மீனும் விட்டு, தீனியின் அளவையும் நைத்திரேற்றையும் வாரந்தோறும் ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். மூன்றாம் மாதம் நத்தைகளை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டு, கண்ணாடியில் என்ன நடக்கிறது என்று அதே கொப்பியில் குறியுங்கள்.