இடம்பெயர்ந்த பீடத்தின் ஏடுகள்

இரணைமடுக் குளத்துக்கு மேற்கே, ஏ-9 வீதியோரம் உள்ள அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழினுட்ப பீடங்கள் இயங்குகின்றன. கட்டடங்கள் போருக்குப் பிந்தியவை. விவசாய பீடத்தின் கதையோ அவற்றுக்கு முந்தியது. 1990இல் கிளிநொச்சியில் தொடங்கிய அந்தப் பீடம் போரால் யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்து, போர் ஓய்ந்தபின் கிளிநொச்சிக்கே திரும்பியது. அதன் வரலாற்றைச் சொல்லும் தாள்களை ஒரே அலுமாரியில் தேடிப் பயனில்லை.

தாய்ப் பல்கலைக்கழகத்தின் ஆவணங்களும் தொடக்கத்திலிருந்தே பல கைகளில் உருவானவை. 1974 ஒக்டோபர் 6ஆம் திகதி, இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஆறாவது வளாகமாக யாழ்ப்பாண வளாகம் திறந்துவைக்கப்பட்டது. பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதல் தலைவர். சேர். பொன். இராமநாதன் நிறுவிய திருநெல்வேலி பரமேஸ்வராக் கல்லூரியும், வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டப்படிப்புப் பிரிவும் அதற்கு இடமளித்தன. 1979 ஜனவரி 1 முதல் அது தனிப் பல்கலைக்கழகம். முதல் துணைவேந்தர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். எனவே வளாகமாக இருந்த காலத்தை ஆராய்பவர் கொழும்புத் தலைமை அலுவலகத்தின் கடிதங்களையும் இரு கல்லூரிகளின் பதிவேடுகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். வவுனியாவின் நிலையும் இதுவே: 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகம், 2021இல் தனிப் பல்கலைக்கழகம்.

பேரவை, மூதவைக் கூட்டறிக்கைகள் எடுத்த முடிவைச் சொல்லும். அந்த முடிவு எப்படி நடைமுறைக்கு வந்தது என்பதைச் சிறிய தாள்கள்தான் காட்டும்: ஆய்வுகூடத்துக்கு வாங்கிய பொருட்களின் பட்டியல், மாணவர் ஒன்றிய மலர், விரிவுரை நேரசூசி. விவசாய பீடத்துக்கு வயற்பரிசோதனைக் குறிப்பேடு இன்னும் பெறுமதியானது. விதைத்த திகதி, நெல்லினம், நீர் பாய்ச்சிய நாள், விளைச்சல் என்று நிரல் நிரலாக எழுதிய ஒரு பக்கம், பீடத்தின் கதையோடு அந்த மண்ணின் கதையையும் சொல்லும். பழைய கோவைகளைக் கழிக்கும்போது முதலில் குப்பைக்குப் போவதும் இத்தகைய ஏடுகள்தான் என்பது பெரும் இழப்பு.

வன்முறையும் போரும் தந்த இழப்பு வேறு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாகின. பல்கலைக்கழக ஆய்வாளரின் மூலங்களும் அவற்றோடு போயின. 1987 ஒக்டோபரில் திருநெல்வேலி வளாகத்துக்குள்ளேயே சண்டை நடந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் திருநெல்வேலியை உள்ளடக்கிய வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்தது.

எஞ்சிய தாள்களைப் பேணுவதில் முதல் விதி, ஓர் அலுவலகத்தின் கோவைகளை வந்த ஒழுங்கிலேயே வைப்பது. பொருள்வாரியாகக் கலைத்து அடுக்கினால் யார், எதற்காக, எந்தக் கடிதத்துக்குப் பதிலாக எழுதினார் என்ற தொடர்பு அறுந்துவிடும். துருப்பிடித்த ஊசிகளைக் கழற்றி, அமிலமற்ற உறையிலிட்டு, கறையானும் ஈரமும் அணுகாமல் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் தாளை ஒட்டி மூடுவது கூடாது. பின்னர் பிரித்தெடுக்க முடியாது. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகத்தில் ஈழத்து மலர்களும் இதழ்களும் பெருமளவில் சேர்ந்துள்ளன. இடப்பெயர்வில் மூலப் பிரதி தொலைந்தால், அத்தகைய மின்பிரதியே கைகொடுக்கும்.

எல்லாத் தாளையும் உடனே திறந்துவிடவும் முடியாது. பட்டமளிப்பு விழா மலரை எவரும் பார்க்கலாம். மாணவர் புள்ளிப் பதிவேடு, மருத்துவச் சான்று, ஒழுக்காற்று விசாரணைக் கோவை ஆகியவற்றை உரியவர்கள் உயிரோடிருக்கும் காலம்வரை பூட்டிவைப்பதே முறை.