31 டிகிரியில் ஒரு மண்டை ஓடு

2024-இல் தீபாவளி அக்டோபர் 31-ஆம் தேதி வந்தது. ஹாலோவீனும் அன்றுதான். நியூஜெர்சி, டொரான்டோ பக்கம் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரே சாயங்காலத்தில் இரண்டு வேலை: அகல் விளக்கு ஏற்றவேண்டும், பேய் வேஷம் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்கும் பிள்ளைகளுக்கு மிட்டாயும் எடுத்துக்கொடுக்க வேண்டும்.

கடலூர் மாவட்டத்துச் சேத்தியாத்தோப்பில் ஹாலோவீன் பண்டிகை இல்லை. ஆனால் பயமுறுத்தும் முகத்துக்கு இந்தப் பக்கத்தில் பஞ்சமும் இல்லை. கட்டி முடியாத வீட்டின் முன்னால் கோரைப்பல்லும் உருட்டு விழியுமாகத் தொங்கும் திருஷ்டிப் பூசணியை யாரும் நின்று பார்ப்பதுகூட இல்லை. வடக்கே மேல்மலையனூரில் மாசி மாத மயானக் கொள்ளையின்போது ஊரே வேஷம் கட்டிச் சுடுகாட்டுக்குப் போகும். மண்டை ஓட்டு வடிவச் சிலிக்கான் அச்சு ஒன்றை இணையத்தில் வாங்கி, பிள்ளைகளுக்குச் சாக்லேட் வார்த்துக் கொடுக்கலாம் என்று ஒரு வீட்டில் யோசனை வந்தால் அதில் அதிசயப்பட ஒன்றுமில்லை.

ஹாலோவீனின் வேர் அயர்லாந்தில். அங்கே முதலில் குடைந்து விளக்கு வைத்தது டர்னிப் கிழங்கில். அமெரிக்காவுக்குப் போன பிறகுதான் பரங்கிக்காய் கிடைத்தது. பரங்கி மெக்சிகோவின் பயிர். அங்கே குயிலா நாகிட்ஸ் என்ற குகையில் சுமார் 10,000 ஆண்டுப் பழைய பரங்கி விதைகள் கிடைத்திருக்கின்றன. கொக்கோவும் அமெரிக்கக் கண்டத்து மரந்தான். 5,300 ஆண்டுகளுக்கு முன்பே அதை மனிதர்கள் பயன்படுத்திய தடயம் ஈக்வடாரில் கிடைத்து, 2018-இல் வெளியானது. நவம்பர் 1, 2 தேதிகளில் மெக்சிகோக்காரர்கள் இறந்தவர்களுக்குப் படைக்கும் பண்டங்களில் சர்க்கரையிலும் சாக்லேட்டிலும் செய்த மண்டை ஓடுகள் உண்டு. நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் கல்லறைத் திருநாள் என்று மெழுகுவத்தி ஏற்றுவதும் அதே நவம்பர் 2-இல்.

சாக்லேட் செய்முறைக் குறிப்புகளில் ‘அறை வெப்பநிலையில் ஆறவிடவும்’ என்ற வரி தவறாமல் வரும். அதை எழுதியவருடைய அறை 20 டிகிரி. நம்முடைய ஐப்பசி, மழை விட்ட பகலில் சாதாரணமாக 30 டிகிரியைத் தொடும். இந்தப் பத்து டிகிரி வித்தியாசத்தில்தான் வீட்டுச் சாக்லேட்டின் பாதித் துயரம் இருக்கிறது. மீதிப் பாதி ஈரத்தில்.

சாக்லேட் கட்டி என்பது கொக்கோ வெண்ணெய் என்ற கொழுப்புக்குள் சர்க்கரைத் துகளும் கொக்கோத் துகளும் புதைந்து கிடக்கும் ஒரு கலவை. நாக்குக்கு நறநறவென்று படாதபடி அத்துகள்களை ஆலையில் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்கு அரைத்துவிடுகிறார்கள். எஞ்சிய வித்தை எல்லாம் கொழுப்பினுடையது. தேங்காய் எண்ணெய், நெய் போன்றவற்றில் பலவகைக் கொழுப்பு அமிலங்கள் கலந்திருக்கும். கொக்கோ வெண்ணெயில் பால்மிட்டிக், ஸ்டியரிக், ஒலியிக் என்ற மூன்றுதான் பெரும்பங்கு. அதனால் அது கொஞ்சம் கொஞ்சமாக இளகாமல், ஒரு குறுகிய வெப்ப எல்லைக்குள் சட்டென்று உருகிவிடுகிறது. கையில் கட்டியாக இருப்பது வாயில் போட்டதும் கரைவதன் காரணம் இதுவே.

ஆனால் அந்தக் கொழுப்பு உறையும்போது எப்போதும் ஒரே மாதிரி உறைவதில்லை. அதன் மூலக்கூறுகள் அடுக்கிக்கொள்ள ஆறு விதங்கள் உண்டென்று வில்லி, லட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 1966-இல் வரிசைப்படுத்தினார்கள். முதல் வகைப் படிகம் 17 டிகிரியிலேயே உருகிவிடும். இரண்டாவது 23, மூன்றாவது 25.5, நான்காவது 27. ஐந்தாவது ஏறத்தாழ 34 டிகிரி வரை தாங்கும். ஆறாவது 36. பளபளப்பு, ஒடித்தால் ‘டக்’ என்ற சத்தம், வாயில் வைத்ததும் கரையும் குணம் எல்லாம் ஐந்தாம் வகைக்கே உரியவை. முதல் நான்கு வகைகள் எளிதில் உண்டாகும். ஐந்தாவது தானாக வருவதற்கு நேரம் பிடிக்கும். கடையில் வாங்கிய நல்ல சாக்லேட்டை உருக்கி, அச்சில் ஊற்றி, குளிர்பெட்டியில் வைத்து எடுத்தால் பிசுபிசுவென்று, மங்கி, அச்சிலேயே ஒட்டிக்கொண்டு வருவது இதனால்தான். சரக்கு மாறவில்லை, அடுக்கு மாறிவிட்டது.

வேண்டிய அடுக்கை எப்படி வரவழைப்பது? சேத்தியாத்தோப்பு எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலையின் முன்னால் அரவைப் பருவத்தில் கரும்பு வண்டி வரிசையைப் பார்த்தவர்கள் அநேகம். சர்க்கரை ஆலைகளுக்குள் நடப்பதைக் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் விடை கிடைக்கும்.

பிழிந்த சாற்றைத் தெளியவைத்துச் சுண்டக் காய்ச்சியபின், ‘பேன்’ எனப்படும் வெற்றிடக் கொப்பரைக்கு அனுப்புகிறார்கள். 1813-இல் எட்வர்ட் ஹோவர்டு என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்த சாதனம். உள்ளே காற்றழுத்தம் குறைவு என்பதால் பாகு 60, 70 டிகிரியிலேயே கொதிக்கும், சர்க்கரை கருகாது. தண்ணீர் ஆவியாக ஆவியாக, கரைந்திருக்கவேண்டிய அளவைவிட அதிகச் சர்க்கரை பாகில் தங்கிவிடுகிறது. இனிப் படிகமாவது தவிர அதற்கு வழியில்லை, ஆனாலும் தொடங்காமல் தயங்கி நிற்கும். அந்த நிலையில் மேலும் சுண்டவைத்தால் ஆபத்து: எங்கும் ஒரே நேரத்தில் கோடிக்கணக்கான பொடிப் படிகங்கள் கிளம்பிவிடும். அவை வளராது, சுழல் எந்திரத்தில் போட்டாலும் மொலாசஸிலிருந்து பிரியாது. அதனால் சரியான தருணம் பார்த்து, மாவாக அரைத்த சர்க்கரையைச் சாராயத்தில் குழைத்துக் கொஞ்சம் கொப்பரைக்குள் விடுகிறார்கள். அந்தத் துகள் ஒவ்வொன்றும் ஒரு விதை. பாகிலுள்ள சர்க்கரை அந்த விதைகளின்மேல் அடுக்கடுக்காகப் படிந்து வளர்கிறது. பல டன் பாகில் இடும் விதை ஒரு சிறு பாத்திரத்துக்குள் அடங்கிவிடும். நாம் காபியில் போடும் ஒவ்வொரு மணிக்கும் நடுவில் அப்படி ஒரு விதை இருந்திருக்கிறது.

சர்க்கரைக்குப் படிக வடிவம் ஒன்றே. ஆலைக்காரர்களின் கவலை மணியின் அளவைப் பற்றியது. சாக்லேட்டில் அளவைவிட வகை முக்கியம். மற்றபடி உத்தி ஒன்றுதான். எந்த அடுக்கு வேண்டுமோ அந்த அடுக்கிலுள்ள துண்டு கொஞ்சத்தைப் போட்டால் மற்றவை அதைப் பார்த்து அடுக்கிக்கொள்ளும். அந்தத் துண்டுக்கு எங்கும் அலையவேண்டாம். பளபளப்பாக, ஒடித்தால் சத்தம் வரும்படி கடையில் வாங்கிய கட்டியே ஐந்தாம் வகைப் படிகம்தான்.

300 கிராம் கறுப்புச் சாக்லேட் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். 200 கிராமைக் கொதிநீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்த கிண்ணத்தில் உருக்கி 45 டிகிரிக்கு ஏற்றவேண்டும். அப்போது பழைய படிகம் எல்லாம் அழிந்துவிடும். கிண்ணத்தை இறக்கி, மீதி 100 கிராமைப் பொடியாக நறுக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளறிக்கொண்டே வந்தால் சூடு இறங்கும். 31, 32 டிகிரியில் நிற்கவேண்டும். அந்தச் சூட்டில் ஐந்தாம் வகை விதை உருகாமல் பிழைத்திருக்கும். கலவையும் ஊற்றும் பதத்தில் இருக்கும். 34-ஐத் தாண்டினால் விதை போயிற்று, மறுபடி தொடங்கவேண்டியதுதான். சமையல் வெப்பமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அது இல்லாதவர்கள் ஒரு சொட்டைக் கீழுதட்டில் வைத்துப் பார்க்கலாம்: சுடக்கூடாது, இலேசாகக் குளிர்ந்த மாதிரி பட்டால் சரி.

வெப்பத்தைத் திட்டுகிறோமே தவிர, இந்த இடத்தில் அது நமக்குச் சகாயம் செய்கிறது. 18 டிகிரி சமையலறையில் கிண்ணத்தின் ஓரத்திலெல்லாம் மட்டமான படிகங்கள் முளைத்துக்கொண்டே இருக்கும். ஐரோப்பியர் அவற்றோடு மல்லுக்கட்டுகிறார்கள். 30 டிகிரி அறையில் முதல் நான்கு வகைகள் தலையெடுக்கவே முடியாது, அவை உருகும் சூடு அதற்குக் கீழே. நம் குறை, நல்ல வகையும் மிக மெதுவாகத்தான் உறையும் என்பது. அச்சில் ஊற்றியதும் பத்துப் பதினைந்து நிமிடம் குளிர்பெட்டியில் வைத்தால் அந்தக் குறை தீரும். உள்ளே போதிய விதை இருப்பதால் குளிரிலும் கூட்டம் அதன் பின்னால்தான் போகும். ஐந்தாம் வகை உறையும்போது சற்றுச் சுருங்கும். எனவே அச்சைக் கவிழ்த்தாலே மண்டை ஓடு தானாக விழுந்துவிடும். விழவில்லை என்றால் பதம் தப்பிவிட்டது என்று அர்த்தம், அச்சைக் குறைசொல்லிப் பயனில்லை.

ஹாலோவீன் தட்டில் மிக எளிதானது சிலந்தி வலை. கறுப்புச் சாக்லேட்டைத் தட்டையாக ஊற்றி, உறைவதற்குள் வெள்ளைச் சாக்லேட்டால் வட்டத்துக்குள் வட்டமாகக் கோடு போட்டு, பல்குத்தும் குச்சியால் நடுவிலிருந்து வெளியே இழுத்தால் வலை. கோடு கரைந்து பரவாமல் நிற்பதற்குக் காரணம், உருகிய சாக்லேட் தண்ணீரைப் போல ஓடுவதில்லை. உள்ளே துகள்கள் நெருக்கியடித்துக் கிடப்பதால், ஓரளவுக்குத் தள்ளினால்தான் அது நகரும். கையை எடுத்ததும் நின்றுவிடும்.

மிகக் கடினமானது வெள்ளைப் பேய். வெள்ளைச் சாக்லேட்டில் கொக்கோத் தூள் கிடையாது. கொக்கோ வெண்ணெய், பால் பொருள், சர்க்கரை மட்டுமே. பால் கொழுப்பு கொக்கோ வெண்ணெயோடு கலந்து அதை இளக்கிவிடுவதால் அதன் பதச் சூடு 28, 29 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. அதாவது நம் அறையின் சூட்டைவிடக் குறைவு! பகல் இரண்டு மணிக்குச் சேத்தியாத்தோப்பில் வெள்ளைப் பேய் செய்ய உட்கார்ந்தால் பேய் உட்காரவே உட்காராது. விடியற்காலையில் செய்யலாம், குளிரூட்டிய அறை இருந்தால் இன்னும் நல்லது.

நிறத்தில் ஒரு பொறி இருக்கிறது. கேசரிக்கு விடும் திரவ நிறமி தண்ணீரில் கரைத்தது. உருகிய சாக்லேட்டில் அது இரண்டு சொட்டு விழுந்தால் போதும், கிண்ணம் முழுதும் திரிதிரியாக இறுகிவிடும். கொழுப்புக்குள் தனித்தனியாக மிதந்த சர்க்கரைத் துகள்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதே இந்த இறுகல். ஈரக் கரண்டியும், அடிப்பாத்திரத்து ஆவியும் இதே கேட்டைச் செய்யும். எண்ணெயில் கரையும் நிறமி அல்லது தூள்தான் வாங்கவேண்டும். விசித்திரம் என்னவென்றால் சொட்டுத் தண்ணீர்தான் பகை. நிறையச் சேர்த்தால் சர்க்கரை முழுதாகக் கரைந்து, கொழுப்பு சிறு துளிகளாகச் சிதறி, குழைவான பூரணம் ஆகிவிடும். சூடான பாலேட்டில் சாக்லேட்டைக் கலந்து செய்யும் கனாஷ் அப்படிப்பட்டது. பரங்கிக்காயை வேகவைத்து மசித்து, நெய்விட்டு அல்வாப் பதத்துக்குக் கிளறி மண்டை ஓட்டுக்குள் வைத்தால் ஹாலோவீனுக்கு அதைவிடப் பொருத்தமான மூளை கிடைக்காது. ஈரமுள்ள பண்டம் என்பதால் இரண்டு நாளுக்குள் தின்றுவிடவேண்டும்.

பல்லுக்குப் பண்ருட்டி முந்திரி. வறுத்து, நன்றாக ஆறிய பிறகே வைக்கவேண்டும். முந்திரியின் எண்ணெய் மெல்ல மெல்லச் சாக்லேட்டுக்குள் ஊறி அதை இளக்கும், மேலே வெண்மை பூக்கவும் வைக்கும். ஒரு வாரத்துக்குத் தாங்கும். பொங்கல்வரை வைத்திருக்க நினைக்கவேண்டாம்.

அடுத்த எதிரி வடகிழக்குப் பருவமழை கொண்டுவரும் ஈரக் காற்று. 30 டிகிரி சூடு, 80 சதவீத ஈரப்பதம் என்றால் பனி படியும் நிலை சுமார் 26 டிகிரி. அதற்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருள்மேலும் காற்றிலுள்ள ஈரம் முத்து முத்தாகப் படியும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த சாக்லேட் வியர்ப்பது அதனால்தான். அந்தத் துளி மேற்பரப்புச் சர்க்கரையைக் கரைத்து, காய்ந்ததும் சொரசொரப்பான வெள்ளைப் படலமாக விட்டுப்போகும். காற்றுப்புகாத டப்பாவில் போட்டு உள்ளே வைத்து, வெளியே எடுத்தபின் டப்பா அறையின் சூட்டுக்கு வரும்வரை மூடியைத் திறக்காமல் இருப்பது ஒன்றே வழி. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது எவ்வளவு சாத்தியம் என்பது வேறு விஷயம்.

இத்தனை தொல்லை எதற்கு என்பவர்களுக்குக் கடையில் ‘காம்பவுண்ட்’ என்று கட்டி விற்கிறார்கள். அதில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் பெரும்பாலும் பதப்படுத்திய பனைக்கொட்டை எண்ணெய். அதற்கு விதை வேண்டாம், வெப்பமானி வேண்டாம். உருக்கி ஊற்றினால் உறைந்துவிடும். வாயில் மெழுகு மாதிரி ஒரு படலம் தங்கும். வேடிக்கை காட்ட வௌவாலும் எலும்பும் செய்வதற்கு அது போதும் என்பதே என் கட்சி. ருசிக்காகத் தின்ன நினைப்பவர்கள் உறையின் பின்பக்கம் கொக்கோ வெண்ணெய் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்கட்டும். இரண்டையும் ஒரே கிண்ணத்தில் கலக்கமட்டும் கூடாது. இரு கொழுப்புகளும் சேர்ந்தால் இரண்டையும்விட இளகலான ஒன்றுதான் கிடைக்கும்.

வெப்பம் தாங்கும் சாக்லேட்டுக்கு அமெரிக்க ராணுவமே ஆசைப்பட்டது. 1937-இல் ஹெர்ஷி நிறுவனம் ஓட்ஸ் மாவெல்லாம் சேர்த்து, சுமார் 49 டிகிரியிலும் இளகாத ஒரு கட்டியைச் செய்து கொடுத்தது. வேகவைத்த உருளைக்கிழங்கைவிடச் சற்றே ருசியாக இருந்தால் போதும் என்பது ராணுவத்தின் நிபந்தனை. அவசரத்துக்கு வைத்ததைச் சிப்பாய்கள் சும்மா தின்றுவிடக்கூடாதாம். அந்த விஷயத்தில் ஹெர்ஷி வெற்றிபெற்றது. பல்லுக்கும் அகப்படாத கசப்புக் கட்டி அது.

எவ்வளவு பக்குவமாகச் செய்தாலும் மாதக்கணக்கில் கிடந்தால் ஐந்தாம் வகைப் படிகம் மெல்ல ஆறாம் வகைக்கு மாறும். சூடு ஏறி இறங்கும் இடத்தில் இன்னும் சீக்கிரம். மதிய வெயிலில் சிதம்பரம் பேருந்தின் சன்னலோரம் வைத்துக் கொண்டுபோனாலே இளகி, திரும்ப உறையும்போது வெளுத்துவிடும். அந்த வெள்ளை பூஞ்சை அல்ல, மேலே வந்து படிந்த கொழுப்பு, தின்னத் தடையில்லை. அழகாகத்தான் வேண்டுமென்றால் திரும்ப 45 டிகிரிக்கு உருக்கி, புதுத் துண்டு நாலைந்தை நறுக்கிப் போட்டு, 31-க்கு இறக்கி வார்த்துக்கொள்ளலாம்.