ஃபியூஸ் பெட்டியில் கம்பி சுற்றாதீர்கள்

தேனி மாவட்டத்தில் முந்தல், குரங்கணி, கொட்டக்குடி பக்கம் தோட்ட வேலைக்கு ஓடும் பழைய பைக்குகளின் சீட்டைத் தூக்கிப் பாருங்கள். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பி இழை சுற்றியிருக்கும். இல்லையென்றால் சிகரெட் பெட்டியின் சில்வர் பேப்பர் மடித்துச் செருகியிருக்கும். அதுவும் இல்லாவிட்டால், 10 ஆம்பியர் இருந்த இடத்தில் 30 ஆம்பியர் உட்கார்ந்திருக்கும். “அடிக்கடி போகுதுன்னு பெருசா போட்டுட்டேன்” என்பதுதான் எல்லோரிடமும் வரும் பதில். சில ரூபாயில் கிடைக்கும் பொருளை மிச்சம் பிடித்து, பெட்ரோல் டேங்குக்கு அடியில் தீயை வைத்துக்கொண்டு ஓட்டுகிறோம்.

ஃபியூஸ் விளக்கையும் ஹாரனையும் காப்பாற்ற வைத்ததன்று. அது காப்பது வயரை. எங்கோ வயரின் தோல் உரிந்து பாடியில் தொட்டால், பேட்டரியில் உள்ள மின்சாரம் முழுவதும் அந்த வழியே பாயும். வயர் பழுக்கும் முன்னால் ஃபியூஸ் உருகிப் பாதையை அறுக்க வேண்டும். கம்பி சுற்றியிருந்தால் உருகுவதற்கு எதுவும் இல்லை. அப்போது வயரே உருகும். பழைய பைக்கில் அந்த வயர்க் கட்டு போகும் இடம் டேங்குக்கு நேர் கீழே.

எத்தனை ஆம்பியர் போடுவது? ஃபியூஸ் பெட்டி மூடியிலோ வண்டியோடு வந்த கையேட்டிலோ போட்டிருக்கும் எண்ணே முதல் சான்று. இரண்டும் போய்விட்டால் கணக்குப் போடலாம். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 12 வோல்ட் வண்டியில் 35 வாட் ஹெட்லைட் ஏறக்குறைய 3 ஆம்பியர் இழுக்கும். 21 வாட் பிரேக் லைட்டும் 5 வாட் டெயில் லைட்டும் சேர்ந்து 2 ஆம்பியருக்குச் சற்று மேல். 10 வாட் இண்டிகேட்டர் இரண்டுக்கு 1.7. ஹாரனுக்கு 2 முதல் 3. எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தாலும் 10 ஆம்பியருக்குள் அடங்கும். 6 வோல்ட் பேட்டரி உள்ள பழைய வண்டியில் அதே வாட்டுக்கு இரண்டு மடங்கு ஆம்பியர் ஓடும் என்பதை மறக்க வேண்டாம். சிறிய பழைய பைக்குகள் பலவற்றில் ஹெட்லைட் பேட்டரியிலிருந்து எரியாமல் இன்ஜினில் உள்ள காயிலிலிருந்தே நேராக எரியும். அந்தச் சுமை ஃபியூஸ் வழியே வராது. ஆக்சிலேட்டர் கொடுத்தால் பளிச்சென்றும் விட்டால் மங்கியும் எரிந்தால் அது அந்த வகை.

தட்டை ஃபியூஸ்களுக்கு நிறம் உண்டு. 7.5 பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. கண்ணாடிக் குழாய் ஃபியூஸ் என்றால் முனை மூடியில் எண் பொறித்திருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டு வாங்குங்கள். கடைக்காரர் “எல்லாம் ஒண்ணுதாண்ணே” என்றால் நம்பாதீர்கள். எல்லாம் ஒன்றில்லை.

ஃபியூஸ் போனால் அதைத் தூக்கி எறியுமுன் உற்றுப் பாருங்கள். கண்ணாடி முழுக்கக் கருகியிருந்தால் எங்கோ நேரடி ஷார்ட். நடுவில் மட்டும் மெல்ல உருகி அறுந்திருந்தால் சுமை அதிகம். மூடியருகே முறிந்திருந்தால் மலைப்பாதையின் அதிர்வில் களைத்திருக்கலாம். பிடிப்பான் தளர்ந்தோ துருவேறியோ இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாக அதே எண்ணில் ஒன்று போடுங்கள். அதுவும் உடனே போனால் மூன்றாவதைச் செருகாதீர்கள். பெரிய எண்ணைச் செருகவே செருகாதீர்கள்.

ஷார்ட்டைக் கண்டுபிடிக்க ஒரு பழைய 12 வோல்ட் 21 வாட் பிரேக் பல்பு போதும். ஃபியூஸைக் கழற்றி, அதன் இரண்டு பிடிப்பான்களுக்கும் நடுவே பல்பை வயரால் இணையுங்கள். எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு சாவியைப் போடுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் ஷார்ட் இருக்கிறது. அப்படியே ஹேண்டில்பாரை இடமும் வலமும் முழுவதும் திருப்புங்கள். வெளிச்சம் மாறினால் கழுத்துப் பகுதியில் வயர் தேய்ந்திருக்கிறது. மாறாவிட்டால் ஹாரன், பிரேக், இண்டிகேட்டர் என்று ஒவ்வொரு கப்ளராகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது பல்பு அணைகிறதோ அங்கே குற்றம். டேங்குக்கு அடியிலும், பின் மட்கார்டுக்குள் டெயில் லைட்டுக்குப் போகும் வயரிலும், ஏலக்காய் மூட்டை அழுத்தும் கேரியர் ஓரத்திலும் முதலில் தேடுங்கள். எலி கடித்த இடத்தையும் விடாதீர்கள்.

அடுத்தது சார்ஜ் ஏறாத சிக்கல். பேட்டரி இறங்கினாலும் பல பழைய பைக்குகள் கிக் அடித்தால் ஓடிவிடும். அதனால்தான் மாதக்கணக்கில் யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் பனி மூடிய காலையில் போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஹாரனும் பிரேக் லைட்டும் இல்லாமல் இறங்குவது, பின்னால் வரும் ஜீப்பிடம் உயிரை ஒப்படைப்பது.

பேட்டரி இறங்கியதும் புதுப் பேட்டரி வாங்க ஓடாதீர்கள். குற்றம் வேறிடத்தில் இருந்தால் புதியதும் அதே கதிக்கு வரும். ஒரு சாதாரண மல்டிமீட்டரை எடுத்து, டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். சில மணி நேரம் நின்ற வண்டியில் பேட்டரி 12.6க்கு மேல் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி, 12.0க்குக் கீழே என்றால் வெளியே சார்ஜ் போட்டு முழுமையாக்கிய பிறகே மற்ற சோதனை. இப்போது இன்ஜினை ஓடவிட்டு நடுத்தர வேகம் கொடுங்கள். 13.5 முதல் 14.5 வரை ஏறினால் சார்ஜ் சரி. 12.6ஐத் தாண்டாவிட்டால் சார்ஜ் ஏறவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது; பேட்டரித் தண்ணீர் கொதிக்கும், பல்புகள் வரிசையாகப் போகும்.

சார்ஜ் ஏறவில்லையா? வரிசை மாறாமல் பாருங்கள். முதலில் பேட்டரி முனைகள்: பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் சுரண்டி இறுக்குங்கள். இரண்டாவது, காயிலிலிருந்து ரெக்டிபயருக்குப் போகும் கப்ளர்: பழுப்பேறியோ உருகியோ இருந்தால் அங்கேயே பாதி நோய். மூன்றாவது எர்த்: இன்ஜின் ஓடும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் ரெக்டிபயர் பாடிக்கும் நடுவே அளந்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. நான்காவது காயில்: கப்ளரைக் கழற்றி மீட்டரை ஏ.சி.யில் வைத்தால் வேகத்தோடு வோல்ட் ஏற வேண்டும். மூன்று மஞ்சள் வயர் வரும் வண்டியில் எந்த இரண்டை அளந்தாலும் ஏறக்குறைய ஒரே அளவு வர வேண்டும். எந்த வயரும் இன்ஜின் பாடியோடு தொடர்பு காட்டக் கூடாது. ஒரு முனை பாடியில் எர்த் ஆன சிறிய பைக்குகளில் தொடர்பு காட்டுவது இயல்பு. அதைப் பார்த்துக் காயில் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். காயில் நன்றாக இருந்தும் பேட்டரிக்கு ஏறாவிட்டால்தான் ரெக்டிபயரை மாற்ற வேண்டும்.

சார்ஜ் ஏறியும் காலையில் இறங்கிக் கிடந்தால் கசிவு. சாவியை எடுத்துவிட்டு, நெகட்டிவ் வயரைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியரில் வைத்து நடுவே சேருங்கள். கடிகாரமோ அலாரமோ இல்லாத பழைய பைக்கில் மின்சாரம் கிட்டத்தட்டப் பூஜ்யமாக இருக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய சோதனை வேண்டவே வேண்டாம். ரெகுலேட்டரையும் பல்புகளையும் ஒரு நொடியில் கொன்றுவிடும்.

பனிக்காகக் கூடுதல் எல்.இ.டி. விளக்கு மாட்டுகிறவர்கள், பேட்டரியிலிருந்து தனி வயர், பேட்டரியை ஒட்டித் தனி ஃபியூஸ், சுவிட்சுக்கு ரிலே என்று கேட்டு வாங்குங்கள். 40 வாட்டுக்கு 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும். பழைய காயிலால் அந்தச் சுமையையும் தாங்கிப் பேட்டரியையும் ஏற்ற முடிகிறதா என்று மீட்டரில் பாருங்கள். சட்டமும் இருக்கிறது: மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவுக்கு மாறாக வண்டியை மாற்றியமைத்தால், 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ.

இனி காகிதங்கள். இவற்றில்தான் நம் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள்.

பைக்கின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். முடிவதற்கு முந்தைய 60 நாளுக்குள் படிவம் 25இல் விண்ணப்பித்தால் 5 ஆண்டு நீட்டிப்பு. ஆர்.சி., நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் வேண்டும். பரிவாகன் இணையதளத்தில் கட்டணம் கட்டி, உங்கள் ஆர்.சி.யில் உள்ள அலுவலகத்துக்கு வண்டியைக் கொண்டுபோக வேண்டும். தாமதித்தால் மாதத்துக்கு 300 ரூபாய் கூடும். இதற்கு ஏஜென்ட் தேவையே இல்லை. ஆய்வாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: சேஸிஸ் எண்ணையும் விளக்கு எரிவதையும் பார்த்துக் கையெழுத்துப் போடுவது சோதனை ஆகாது. சீட்டைத் தூக்கி ஃபியூஸ் பெட்டியைப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

பேட்டரி, ரெக்டிபயர், காயில் எது வாங்கினாலும் பில் கேளுங்கள். வாரண்டி அட்டையில் பேட்டரியின் வரிசை எண், தேதி, கடை முத்திரை மூன்றும் இருக்க வேண்டும். முத்திரை இல்லாத அட்டையைக் காட்டினால் கடைக்காரர் கைவிரிப்பார். மெக்கானிக்கிடம் மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். போலிப் பாகமோ மோசமான வேலையோ என்றால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே தீராவிட்டால் தேனி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். மதுரையில் வாங்கியிருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். காலக்கெடு 2 ஆண்டு. பில் இல்லாவிட்டால் உங்கள் பக்கம் பாதி வலு போய்விடும். மீண்டும் சொல்கிறேன், பில் வாங்குங்கள்.

வண்டி எரிந்துவிட்டால்? மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருந்தால் உங்கள் வண்டிக்கு ஒரு ரூபாயும் வராது. சொந்தச் சேதமும் சேர்ந்த பாலிசியில் தீயும் தானாகப் பற்றுவதும் அடங்கும். வெறும் மின்கோளாறு அடங்காது. எரிந்த வண்டியைப் படம் எடுங்கள். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். தீயணைப்பு நிலையத்தில் அறிக்கை கேளுங்கள். நிறுவனத்துக்கு உடனே தெரிவியுங்கள். சர்வேயர் வருமுன் மெக்கானிக் ஒரு வயரையும் அறுக்கக் கூடாது. கோரிக்கையை மறுத்தால், நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிட்டு ஒரு மாதம் பொறுத்து, சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் ஓராண்டுக்குள் போகலாம், கட்டணம் இல்லை. ஆனால் ஃபியூஸ் பெட்டியில் கம்பி இருந்ததை சர்வேயர் எழுதிவிட்டால், அலட்சியம் என்ற வாதத்தை நீங்களே அவர்கள் கையில் கொடுத்தவர் ஆவீர்கள்.

2018 மார்ச் 11 அன்று குரங்கணிச் சரிவில் எழுந்த காட்டுத்தீ 23 உயிர்களைக் கொண்டுபோனது. கோடையில் காய்ந்த புல் எவ்வளவு வேகமாக எரியும் என்று இந்த ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதே புல்லின் மேல்தான், புகையும் வயரோடு வண்டியை நிறுத்திவிட்டுத் தோட்டத்துக்குள் போகிறோம். வயர் வாடை அடித்தால் வெறுந்தரையில் நிறுத்தி, சாவியை எடுத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை.

இன்றே சீட்டைத் தூக்குங்கள். கம்பியோ சில்வர் பேப்பரோ இருந்தால் பிடுங்கி எறியுங்கள். சரியான எண்ணில் ஒரு ஃபியூஸ் போட்டு, அதே எண்ணில் இரண்டை வாங்கி டூல் பெட்டியில் வையுங்கள். வழியில் ஃபியூஸ் போய் கையில் வேறு இல்லையென்றால், கம்பி சுற்றாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு வாருங்கள்.